நீலகிரியில் பைக் விளக்குக்கு எல்இடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பைக் வைத்திருப்பவர்கள் கம்பெனி பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி போடும் முன்பு கேட்கும் கேள்விகள் இவை. போட்டுவிட்டு, “ஏதோ சரியில்லையே” என்று கேட்பவையும் இதில் உண்டு. சமவெளிக்காரர்களுக்கும் பாதி பொருந்தும். மீதி, மூடுபனியும் ஈரமும் கொண்டை ஊசி வளைவுகளும் உள்ள ஊருக்கானது.

முதலில் எந்த பல்பை மாற்றலாம்?

எல்லோரும் ஹெட்லைட்டில்தான் கை வைக்கிறார்கள். பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்பதுதான் என் பதில்.

பர்லியாறு தாண்டி மேலே ஏறும்போது பனி இறங்கிவிட்டால், நீங்கள் இருபதில் போவீர்கள். பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு உங்கள் வண்டியில் தெரிவது அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும்தான். பெரும்பாலான பைக்குகளில் அங்கே இருப்பது 12 வோல்ட், 21/5 வாட் இரட்டை இழை பல்பு. 5 வாட் இழை எப்போதும் எரியும், பிரேக் பிடித்தால் 21 வாட் இழை சேர்ந்துகொள்ளும். மலைச் சாலையின் குலுக்கலில் அந்த 5 வாட் இழை சத்தமில்லாமல் அறுந்துபோகும். பிரேக் லைட் எரிகிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம்.

எல்இடியில் அறுவதற்கு இழை கிடையாது. அது பற்றிக்கொள்ளும் வேகமும் அதிகம். இழை பல்பு சூடேறி முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும், எல்இடிக்கு அந்தத் தாமதம் இல்லை. பின்னால் வருபவர் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 0.2 விநாடி என்பது இரண்டு மீட்டருக்கு மேல். செலவும் குறைவு, வேலையும் எளிது, சட்டச் சிக்கலுக்கும் இடம் குறைவு, எதிரே வருபவர் கண்ணையும் கூசாது. ஹெட்லைட் எல்இடி பற்றி இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த பல்பின் இரண்டு பக்க ஊசிகளும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே ஒன்று கீழே இருக்கும். ஒரே உயர ஊசி உள்ளது ஒற்றை இழை ஹோல்டருக்கானது. பழைய பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

சிவப்புக் கண்ணாடிதானே, வெள்ளை எல்இடியே போடலாமா?

வேண்டாம். சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடி, ஆரஞ்சு இண்டிகேட்டருக்கு ஆரஞ்சு எல்இடி. இழை பல்பின் வெளிச்சத்தில் சிவப்பு நிறையவே இருக்கிறது, அதனால் கண்ணாடி வழியாக அது அழகாக வெளியே வரும். வெள்ளை எல்இடியில் நீலம்தான் தூக்கல். சிவப்புக் கண்ணாடி அந்த நீலத்தை விழுங்கிவிடும், கொடுத்த வெளிச்சத்தில் பாதி உள்ளேயே போய்விடும், வெளியே வருவது வெளிறிய ரோஸ் நிறம்.

ஒரு விதிவிலக்கு: டெயில் லேம்ப்பின் அடியில் நம்பர் பிளேட்டுக்கு வெள்ளைக் கண்ணாடி வைத்து, அதே பல்பிலிருந்து வெளிச்சம் எடுக்கும் வண்டிகள் உண்டு. அங்கே சிவப்பு எல்இடி போட்டால் நம்பர் பிளேட் சிவப்பாகிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு, கீழே பார்க்கும் சில்லு (எல்இடியில் ஒளி தரும் சின்னத் துண்டு) மட்டும் வெள்ளையாக உள்ள எல்இடி கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பழைய பல்பே இருக்கட்டும்.

ஹெட்லைட்டில் எல்இடி போட்டால் வெளிச்சம் கூடுமா?

கூடலாம், குறையவும் செய்யலாம். பெட்டியில் 20,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று அச்சடித்திருப்பதை மறந்துவிடுங்கள்.

நம் ஊரில் அதிகம் ஓடும் 100, 125, 150 சிசி வண்டிகளில் பெரும்பாலும் எச்எஸ்1 என்னும் 35/35 வாட் ஹாலஜன் பல்பு. அதன் மதிப்பு டிம்மில் 525 லூமன், பிரைட்டில் 825 லூமன். புல்லட் போன்ற பெரிய வண்டிகள் பலவற்றில் எச்4, 60/55 வாட். அதில் டிம் 1,000 லூமன், பிரைட் 1,650. ஒழுங்கான எல்இடி ஒரு வாட்டுக்கு சுமார் நூறு லூமன் தரும் என்று வைத்துக்கொண்டால், 15 வாட் எல்இடி எச்எஸ்1-ஐவிடக் கட்டாயம் பிரகாசம். ஆகவே சின்ன வண்டிக்காரருக்கு லாபம் தெரியும், எச்4 வைத்திருப்பவருக்கு அந்த அளவு தெரியாது.

ஆனால் லூமன் என்பது பல்பு எவ்வளவு கொட்டுகிறது என்பதற்கான கணக்கு. அது ரோட்டில் எங்கே விழுகிறது என்பது டூமுக்குள் (ஹெட்லைட் கூட்டுக்குள்) இருக்கும் ரிஃப்ளெக்டரின் வேலை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிம்மில்தான் போகிறேன். ஆனாலும் எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட் அடித்துத் திட்டுகிறார்கள். ஏன்?

ஹாலஜன் பல்பை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் சின்னதாக ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். டிம் இழையின் வெளிச்சம் கீழ்ப் பக்கம் போகாமல் அது மறைக்கிறது. அதனால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதிக்கு மட்டும் வெளிச்சம் கிடைக்கிறது, மேல்பாதி அதை ரோட்டை நோக்கி இறக்கி அடிக்கிறது. கீழ்ப்பாதியில் வெளிச்சம் பட்டால் அது மேல்நோக்கித் திரும்பி, எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும். பிரைட் இழைக்கு அந்தக் கிண்ணம் இல்லை, முழு ரிஃப்ளெக்டரும் வேலை செய்யும்.

இந்த ஏற்பாடு முழுக்க, இழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நம்பியிருக்கிறது. ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் வெளிச்சத்தின் விளிம்பு கலைந்துவிடும். மலிவு எல்இடிகளில் சில்லுகள் பெரிதாக இருக்கும், இழை இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, கிண்ணமும் இருக்காது. மூன்று பக்கம், ஆறு பக்கம் எரியும் பல்பு என்று பெருமையாக விற்கிறார்களே, அதெல்லாம் இந்த ரகம். டிம் போட்டாலும் பிரைட் மாதிரிதான் அடிக்கும்.

சமவெளியில் இது எரிச்சலோடு போய்விடும். இங்கே கொண்டை ஊசி வளைவில் மேலே இருந்து இறங்குபவரும் கீழே இருந்து ஏறுபவரும் நேருக்கு நேர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துக்கொண்டால், ஒருவருக்குப் பள்ளம் தெரியாது, இன்னொருவருக்குச் சுவர் தெரியாது. திட்டுபவர் திட்டட்டும் என்று விட்டுவிட முடியாது.

கடையிலேயே நல்ல பல்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய ஹாலஜனையும் புது எல்இடியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். காலரிலிருந்து (பல்பின் அடியில் உள்ள உலோக வளையம்) இழை எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதே தூரத்தில் எல்இடியின் சில்லு இருக்க வேண்டும். சில்லு மெல்லிசாக, இழையின் அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். டிம் சில்லின் அடியில் உலோகத் தட்டு இருக்க வேண்டும். பொருத்திய பிறகு இரண்டு பக்கச் சில்லுகளும் இடமும் வலமும் பார்க்க வேண்டும், மேலும் கீழுமாக நின்றால் தவறு.

எச்4-ம் எச்எஸ்1-ம் தோற்றத்தில் அண்ணன் தம்பி போல இருக்கும், ஆனால் உட்காரும் காதுகளின் அளவு வேறு. இரண்டுக்கும் பொருந்தும் என்று விற்கும் பல்பு இரண்டிலும் ஆடும். ஆடினால் வெளிச்சமும் ஆடும்.

கடைசிப் பரீட்சை சுவர்தான். கழற்றும் முன்பே ஹாலஜனின் டிம் வெளிச்சத்தைச் சுவரில் அடித்து போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்இடி போட்ட பிறகு அதே இடத்தில் இன்னொரு படம். மேல் விளிம்பு கோடு போட்டது மாதிரி வராமல் வெளிச்சம் சுவர் முழுக்கச் சிதறினால், விலை என்னவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாற்றித் தருவேன் என்று சொல்லும் கடையில் வாங்குவது இதற்காகத்தான்.

மூடுபனிக்கு மஞ்சள் நல்லதா, வெள்ளை நல்லதா?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. மஞ்சள் பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்பார்கள், அது அவ்வளவு சரியில்லை. வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணம், காற்றின் மூலக்கூறுகள் ஒளி அலையைவிட மிகச் சிறியவை என்பது. அவை நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். மூடுபனியின் நீர்த்துளியோ ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியது. அதற்கு நீலமும் மஞ்சளும் ஏறக்குறைய ஒன்றுதான், எல்லாவற்றையும் சிதறடிக்கும்.

அப்படியென்றால் மஞ்சளால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது நம் கண்ணில். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி, அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சு. நீல எல்இடியை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். அந்த நீலம் பனியில் பட்டுத் திரும்பி வரும்போது கண் அதிகம் கூசும். 6,000, 6,500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் ஏற ஏற நீலம் கூடும்) என்று போட்டிருக்கும் பல்புகளில் இந்தத் தொல்லை அதிகம். 4,300 கெல்வின் பக்கம் வந்தால் பரவாயில்லை, 3,000 கெல்வின் ஹாலஜன் நிறத்துக்கு வந்துவிடும். மழையில் நனைந்த தாரில் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் என் கண்ணுக்கு எடுபடுவதே இல்லை. பள்ளமும் பேட்ச் போட்ட இடமும் ஒன்று போலத் தெரியும். இது என் அனுபவம், உங்கள் கண் வேறு மாதிரி இருக்கலாம்.

நிறத்தைவிட முக்கியம், வெளிச்சம் தாழ்வாக விழுகிறதா என்பது. பனியில் பிரைட் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழும்பும். டிம்மில், விளிம்பு கூர்மையாக, கீழே அடித்தால் ரோட்டோரத்து வெள்ளைக் கோடு தெரியும். லவ்டேல், கேத்தி பக்கம் பனி இறங்கிய இரவில் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் வீடு சேர வேண்டும்.

பழைய வண்டியில் எல்இடி போட்டேன். மினுக்கு மினுக்கென்று எரிகிறது, ஐடிலில் அணைந்தே போகிறது.

உங்கள் வண்டியின் ஹெட்லைட் ஏசியில், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில், எரிகிறது. பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியைத் தொடாது. இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேராக ஏசி வரும். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் வெளிச்சம் கூடும், ஆக்சிலரேட்டரை விட்டால் மங்கும். இழை பல்புக்கு ஏசி, டிசி இரண்டும் ஒன்றுதான். எல்இடிக்கு டிசி, அதாவது பேட்டரி தருவது போல ஒரே திசையில் ஓடும் மின்சாரம், வேண்டும்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலையில் எல்இடிக்கு மாறுவதற்கு உண்மையான காரணம் இதுதான். கல்லட்டி இறக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு, பிரேக்கை அழுத்தி, இன்ஜின் வேகம் அடிமட்டத்துக்கு வந்து திரும்புகிறீர்கள். ஏசி ஹெட்லைட் அப்போதுதான் மங்கும். அதாவது வெளிச்சம் எந்த இடத்தில் அதிகம் தேவையோ, அந்த இடத்தில் குறையும். பேட்டரியிலிருந்து டிசி எடுக்கும் எல்இடி வளைவிலும் நேரிலும் ஒரே மாதிரி எரியும். அந்த நிலையான வெளிச்சத்துக்காக, அதிகப் பிரகாசம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பேன்.

செய்வதற்கு இரண்டு வழி. ஒன்று, காயிலிலிருந்து வரும் எல்லா மின்சாரத்தையும் டிசியாக்கி பேட்டரிக்கு அனுப்புவது. மெக்கானிக்குகள் இதை “ஃபுல் டிசி பண்ணுவது” என்பார்கள். காயிலின் எர்த்தை எடுத்துவிட்டு, அதற்கேற்ற ரெக்டிஃபையர் மாற்ற வேண்டும். பழகிய எலக்ட்ரீசியன் கையில் கொடுங்கள். இரண்டாவது, காயிலைத் தொடாமல், பேட்டரியிலிருந்து பியூஸும் ரிலேயும் வைத்து ஹெட்லைட்டுக்குத் தனி லைன் இழுப்பது. இது எளிது. ஆனால் இந்த வண்டிகளில் பேட்டரிக்கு வரும் சார்ஜ் குறைவு, பேட்டரியும் சின்னது. 35 வாட் ஹாலஜனை இப்படி மாட்டினால் பேட்டரி இறங்கிவிடும், 12 அல்லது 15 வாட் எல்இடி தாங்கலாம். மாட்டிய பிறகு, எல்லா விளக்கையும் போட்டு, நடுத்தர வேகத்தில் இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 13.5 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றால் சரி. 12.5-ல் தள்ளாடினால் இரண்டு வாரத்தில் உதை வாங்கப்போவது கிக்கர்தான்.

ஏசியிலும் டிசியிலும் எரியும் என்று எழுதிய எல்இடிகளும் விற்கிறார்கள். எரியும். ஆனால் ஐடிலில் மினுக்கும் தொல்லை போகாது.

என் வண்டி ஏசியா டிசியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்ஜினை ஓடவிடாமல் சாவியைப் போட்டு ஹெட்லைட் சுவிட்சைத் தட்டுங்கள். எரிந்தால் டிசி. 2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் சுவிட்சே கிடையாது, இன்ஜின் ஓடினால் தானாக எரியும். அதில் ஐடிலில் வைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை முறுக்குங்கள். வெளிச்சம் கூடிக் குறைந்தால் ஏசி, அசையாமல் நின்றால் டிசி.

இண்டிகேட்டரில் எல்இடி போட்டதும் படபடவென்று அடிக்கிறது.

பழைய பிளாஷர் (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் சாதனம்) ஒரு பக்கத்துக்கு இரண்டு 10 வாட் பல்பு என்ற கணக்கில் செய்யப்பட்டது. எல்இடி ஒன்றோ இரண்டோ வாட்தான் இழுக்கும். பல்பு பியூஸ் ஆகிவிட்டது என்று பிளாஷர் நினைத்துக்கொண்டு வேகமாக அடிக்கிறது. எல்இடிக்கான பிளாஷர் வாங்கி மாட்டினால் தீர்ந்தது. நிமிடத்துக்கு 60-லிருந்து 120 தடவைக்குள் அடிக்க வேண்டும். பின்களின் எண்ணிக்கையும் வயர் வரிசையும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ரெசிஸ்டர் மாட்டித் தருகிறேன் என்பார்கள். அது மிச்சமான மின்சாரத்தை வெறும் சூடாக்கிக் கரைப்பது. பிளாஸ்டிக் பக்கத்தில் அவ்வளவு சூடான ஒன்றை வைப்பதற்கு எனக்கு மனம் வராது.

ஒரு பக்கம் போட்டால் நாலும் சேர்ந்து அடிக்கிறதே?

மீட்டரில் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு இண்டிகேட்டர் பல்பு உள்ள வண்டியாக இருக்கும். அந்த பல்பு இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவில் மாட்டப்பட்டிருக்கும். இடது போட்டால் மின்சாரம் அதன் வழியாகப் போய் வலது பக்க பல்புகள் மூலம் எர்த்தைத் தொடும். அந்தச் சொற்ப மின்சாரத்துக்கு இழை பல்பு எரியாது, எல்இடிக்கு அதுவே போதும்.

தீர்வு: மீட்டர் பல்பின் ஒரு முனையை எர்த் செய்துவிட்டு, மறுமுனைக்கு இடது, வலது இரண்டிலிருந்தும் ஒவ்வொரு டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்ன பாகம்) வைத்து இணைப்பது. 1என்4007 டயோடு போதும், எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அவ்வளவு வேலை வேண்டாம் என்றால் முன்பக்கம் எல்இடி, பின்பக்கம் பழைய பல்பு என்று விட்டாலும் நாலும் அடிப்பது நின்றுவிடும்.

மீட்டர் பல்பு?

டி10 என்று கேளுங்கள். எரியவில்லையென்றால் திருப்பிப் போடுங்கள், எல்இடிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு. ரொம்பப் பிரகாசமாக எடுக்காதீர்கள். இருட்டு ரோட்டில் மீட்டரே கண்ணைக் கூசவைக்கும்.

எல்இடி மாற்றிய பிறகு ஹெட்லைட் கண்ணாடிக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. போகவே மாட்டேன் என்கிறது.

மலை வண்டிகளுக்கே உரிய தொல்லை இது. ஹாலஜன் பல்பு தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. அது வீண் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தச் சூடுதான் கண்ணாடியைக் காயவைத்துக்கொண்டிருந்தது. எல்இடி சூடாவது பின்பக்கம், சூட்டை வெளியே கடத்தும் ஹீட்சிங்க்கில். முன்னால் கண்ணாடி ஜில்லென்று இருக்கும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், குன்னூர் 1,850 மீட்டர். கீழே ஈரமும் வெக்கையுமான காற்று டூமுக்குள் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் அதைக் குளிரில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் கண்ணாடியில் படியாமல் எங்கே போகும்?

அதோடு இன்னொரு காரணம், ரப்பர் கேப். எல்இடியின் மின்விசிறியும் ஹீட்சிங்க்கும் நீளமாக இருப்பதால் பழைய ரப்பர் கேப் உட்காராது. பல மெக்கானிக்குகள் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அல்லது நடுவில் வெட்டி மாட்டுவார்கள். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழையில் ஒரு வாரம் ஓட்டினால் போதும், ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கறுக்க ஆரம்பிக்கும். ரிஃப்ளெக்டர் போனால் எந்த பல்பு போட்டும் பயனில்லை. ஆகவே மின்விசிறி இல்லாத, பின்பக்கம் குட்டையான எல்இடியாகப் பாருங்கள். ரப்பர் கேப் முழுதாக மூடினால்தான் வாங்குங்கள். டூமின் அடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதைத் தண்ணீர் புகுந்துவிடும் என்று எம்சீல் வைத்து அடைக்காதீர்கள். ஈரம் வெளியேறும் வழியே அதுதான்.

நீர் கோத்துவிட்டால், வெயில் அடிக்கும் நாளில் பல்பைக் கழற்றிவிட்டு டூமைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.

வெளிச்சத்தின் உயரத்தை எப்படிச் சரிசெய்வது? இங்கே சமதளமே இல்லையே!

சமதளம் வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரே சீரான சரிவாக இருந்தால் போதும். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிமிர்த்திப் பிடியுங்கள், வழக்கமாக ஓட்டுபவர் மேலே உட்காரட்டும். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். அதே உயரத்தைச் சுவரடியில் தரையிலிருந்து அளந்து சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5-லிருந்து 7 சென்டிமீட்டர் கீழே வர வேண்டும். பின்னால் ஆள் ஏற்றிப் போவது வழக்கம் என்றால், அவரையும் ஏற்றி உட்காரவைத்துப் பாருங்கள். பின்பக்கம் அமுங்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும்.

வளைவுகளில் திரும்பும் பக்கம் இருட்டாகவே இருக்கிறது. அதிக வாட் போட்டால் தெரியுமா?

தெரியாது. வலப்பக்கம் சாய்த்துத் திரும்பும்போது வெளிச்சமும் வண்டியோடு சாய்கிறது. வலது விளிம்பு தாழ்ந்து பக்கத்திலேயே விழும், இடது விளிம்பு உயர்ந்து மரத்துக்குப் போகும். நீங்கள் பார்க்க வேண்டிய இடம் இருட்டாகும். டிம்மின் விளிம்பு கூர்மையாக இருந்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும், அதனால்தான் எல்இடி போட்ட புதிதில் பலருக்கு இந்தச் சந்தேகம் வருகிறது. பக்கவாட்டில் அகலமாகப் பரவும் பல்பு கொஞ்சம் உதவும். வேகத்தைக் குறைப்பது முழுக்க உதவும்.

போலீஸ், ஆர்டிஓ பிடிப்பார்களா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு வண்டியைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-ம் விதி முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்துவதைத் தடுக்கிறது. 108-ம் விதிப்படி முன்பக்கம் சிவப்பு காட்டக் கூடாது.

நடைமுறையில், டெயில் லைட்டில் சிவப்பு எல்இடி போட்டதற்கு யாரையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. கண்ணைப் பறிக்கும் ஹெட்லைட்டும், கிராஷ் கார்டில் கட்டிய சதுர எல்இடி பார்களும், மாறி மாறி அடிக்கும் நீலச் சிவப்பு விளக்குகளும்தான் மாட்டும். மாட்டட்டும். ஹெட்லைட் பல்பை மாற்றுவது சட்டப்படி சுத்தமான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஹாலஜனிலேயே தரமான பிராண்டு பல்பும், சுத்தமான ரிஃப்ளெக்டரும், துருப்பிடிக்காத எர்த்தும் இருந்தால் பலருக்கு அதுவே போதுமானது.

காட்டெருமை, யானை எதிரே நின்றால் பிரைட் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். ஹாரனும் வேண்டாம். டிம்மில் வைத்து, தூரத்திலேயே நின்று, அது போகும்வரை காத்திருங்கள். காட்டெருமையின் கறுத்த உடம்பு எந்த விளக்கிலும் எளிதில் தெரியாது. முழங்காலுக்குக் கீழே வெளுப்பாக இருக்கும், டிம் வெளிச்சத்தில் முதலில் கண்ணில் படுவது அந்த நான்கு கால்கள்தான். தேயிலைத் தோட்டத்து ரோட்டில் இரவில் ஓட்டுபவர்கள் அந்த உயரத்தில் கண்ணை வைத்துப் பழகிக்கொள்ள வேண்டும். கூடலூரிலிருந்து குண்டல்பேட்டை போகும் பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை இருப்பதால், நல்ல லைட் போட்டுவிட்டேன், போய்ப் பார்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம்.

உறைபனிக் காலத்தில் செல்ஃப் எடுக்காமல் போவது எல்இடியால் குறையுமா?

குளிரில் பேட்டரியின் திறன் குறையும், அதை எல்இடி தடுக்காது. ஆனால் டவுனுக்குள் குறைந்த வேகத்தில் போய்வரும் வண்டியில் 35 வாட் ஹெட்லைட் 15 வாட் ஆனால், மிச்சம் சார்ஜ் பேட்டரிக்குப் போகும். டிசம்பர், ஜனவரி காலையில் அந்த மிச்சம் தெரியும்.

வயரை வெட்ட வேண்டுமா? வாரண்டி போகுமா?

பிளக்கில் நேராக மாட்டும் பல்பாக வாங்குங்கள். வயரிங் கிட்டை வெட்டினால் வாரண்டி பற்றிப் பேச வாயிருக்காது.

பழைய ஜாவா, எஸ்டி போல 6 வோல்ட் வண்டிக்கு?

12 வோல்ட் எல்இடி எரியாது, எரிந்தாலும் மங்கலாகத்தான். 6 வோல்ட்டுக்கென்று எழுதியிருப்பதையே தேடி வாங்குங்கள். பாடி எர்த் பிளஸ்ஸா மைனஸா என்பதையும் முதலில் பாருங்கள்.

கம்பெனியிலேயே எல்இடி ஹெட்லைட் வந்த வண்டியில் பல்பு மட்டும் மாற்ற முடியுமா?

முடியாது. பெரும்பாலும் யூனிட்டாகத்தான் மாற்ற வேண்டும். வெளிநாட்டு யூனிட் வாங்கினால் அது எந்தப் பக்கம் வண்டி ஓட்டும் நாட்டுக்கானது என்று பாருங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கு நம் ஊரில் எதிரே வருபவர் பக்கம்தான் ஏறி அடிக்கும்.

கழற்றிய ஹாலஜன் பல்பை என்ன செய்வது?

துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வையுங்கள். எல்இடி போகும்போது முன்னறிவிப்பு இல்லாமல் போகும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் ராத்திரி பத்து மணிக்குத் திறந்திருக்கும் ஸ்பேர்ஸ் கடை கிடையாது. மாட்டும்போது கண்ணாடியில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும்.